எந்த ஊர் என்று கேட்டால்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே நிரலை எழுதிப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் அதற்குள் எங்காவது ஓரிடத்தில் இந்தக் கேள்வியை எழுதி வைத்திருப்பார்கள்: இப்போது எந்த இயங்குதளத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம்? கேட்பது சுலபம்தான். பைத்தானில் சிஸ்.பிளாட்ஃபார்ம் என்று ஒரு சொல் போதும். வருகிற பதில்தான் வேடிக்கை. 64 பிட் விண்டோஸிலும் அது ‘வின்32’ என்றே சொல்லும். மேக்கில் ‘டார்வின்’. பதிலில் ‘வின்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விண்டோஸ் என்று முடிவுகட்டும் நிரல்கள் உண்டு. டார்வினுக்குள்ளும் ஒரு ‘வின்’ இருப்பது, மேக் வைத்திருக்கும் முதல் வாடிக்கையாளர் ஃபோன் செய்யும்போதுதான் தெரியவரும்.

லினக்ஸ் நெடுநாள் ‘லினக்ஸ்2’ என்று பதில் சொல்லிவந்தது. 2011இல் கெர்னல் 2.6 வரிசையை விட்டு 3.0க்குத் தாவியது. உள்ளே பெரிய புரட்சி ஏதுமில்லை, எண்தான் மாறியது. ஆனால் அதன் மேல் கட்டப்பட்ட பைத்தான் ‘லினக்ஸ்3’ என்றதும், ‘லினக்ஸ்2’ஐ மட்டுமே அறிந்த நிரல்கள் திகைத்து நின்றன. பைத்தான் 3.3இல் எண்ணையே எடுத்துவிட்டார்கள். கெர்னல் பக்கத்தில், பழைய நிரல்களிடம் 3.0ஐ 2.6.40 என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியே சேர்க்கப்பட்டது.

பொய் சொல்வது அது ஒன்று மட்டுமல்ல. விண்டோஸ் 8.1 முதல், தன்னைத் தெரியும் என்று முன்கூட்டி அறிவிக்காத நிரலிடம், வழக்கமான முறையில் பதிப்பெண் கேட்டால், விண்டோஸ் 8இன் 6.2ஐயே சொல்கிறது. விண்டோஸ் 11 இன்னமும் 10.0தான், 22000க்குக் குறையாத பில்டு எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். 2020இல் வந்த மேக் 11, பழைய நிரல்களிடம் தன்னை 10.16 என்கிறது. 2019 முதல் ஐபேடின் சஃபாரி வலைத்தளங்களிடம் தன்னை மேக் என்று சொல்லிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் இயங்குதளங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் கேட்ட லட்சணம் அப்படி. விண்டோஸ் எக்ஸ்பியின் எண் 5.1. ‘எக்ஸ்பியோ அதற்குப் பிந்தியதோ’ என்று சோதிக்க நினைத்தவர்கள், முதல் எண் 5க்குக் குறையக் கூடாது, இரண்டாவது எண் 1க்குக் குறையக் கூடாது என்று தனித்தனியாக எழுதி வைத்தார்கள். விஸ்டா 6.0 என்று வந்தது. பூஜ்யம் ஒன்றைவிடச் சிறியது. புத்தம்புது விண்டோஸைப் பார்த்து ‘இது பழசு, வேறு வாங்கு’ என்றன நிரல்கள். விண்டோஸ் 7 தன்னை 6.1 என்று வைத்துக்கொண்டதற்குப் பழைய நிரல்கள் மேல் இருந்த இந்த அச்சம்தான் காரணம்.

எங்களிடம் பராமரிப்புக்கு வந்த ஒரு பில் போடும் மென்பொருளில் இதே நோய் தமிழ் வடிவில் இருந்தது. விண்டோஸ் என்றால் லதா ஃபாண்ட், மேக் என்றால் இணைமதி, லினக்ஸ் என்றால் லோகித். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா கூடவே வந்ததால் அது வெகுகாலம் சரியாகவே ஓடியது. விண்டோஸ் 10இலோ லதா விருப்பப்பட்டால் சேர்க்கும் ஃபாண்ட் ஆகிவிட்டது. தமிழை மொழியாகச் சேர்க்காத கணினியில் இருப்பது நிர்மலா மட்டும். எழுத்தின் அகலம் மாறியதில் சரக்கின் பெயர் கட்டத்தைத் தாண்டி விலையின் மேல் ஏறி உட்கார்ந்தது. திருநெல்வேலிக்காரர் என்றதுமே பையில் அல்வா இருக்கும் என்று கைநீட்டுகிற கதை. லதா இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஃபாண்ட் பட்டியலைப் புரட்ட எல்லா இயங்குதளமும் வழி தருகிறது.

பெயரையே கேட்கக் கூடாது என்கிற கட்சியும் நான் இல்லை. காப்பி செய்ய மேக்காரர் கை கமாண்ட் விசைக்குப் போகும், மற்றவர் கை கன்ட்ரோலுக்கு. அமைப்புக் கோப்புகளை எந்த அடைவில் வைப்பது என்பதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். இவை கணினியின் திறனைச் சோதித்துக் கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல, பெயரைக் கேட்டால்தான் உண்டு. அதை ஒரே கோப்பில் கேட்டு முடித்துவிடுவதை நான் விரும்புகிறேன். நாற்பது கோப்புகளில் தூவினால் தேடித் திருத்துகிறவர் பாவம்.

இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடுகிறது. யூநேம் கட்டளையிடம் கேட்டால் கூசாமல் லினக்ஸ் என்கிறது. கெர்னல் பதிப்பு வரியில் மட்டும் மைக்ரோசாஃப்டின் பெயர் எட்டிப்பார்க்கும். கோப்பை எங்கே வைப்பது என்றால் அது லினக்ஸ்தான். இணைப்பைச் சொடுக்கினால் திறக்க வேண்டிய உலாவியோ பெரும்பாலும் விண்டோஸ் பக்கம் இருக்கிறது. எங்கள் நிரலில் அந்த இரண்டு இடத்திலும் இரண்டு வேறு பதில் எழுதியிருக்கிறோம்.