போல்ட் மூடினால் போதுமா?

போன இதழில் காட்டுப்பன்றி பற்றிக் கேட்டிருந்த வாசகர், "கேரளாவில் லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்கள் சுடுகிறார்களே" என்று எழுதியிருந்தார். உண்மைதான். 2022 முதல் அங்கே பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவிட்டால், பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர் சுடலாம். பாலக்காடு மாவட்டம் சித்தூரில் விவசாயம் பார்க்கும் என் அக்கா வீட்டுக்காரரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். வைத்திருப்பது நம் நாட்டுத் தயாரிப்பான .315 ரைஃபிள்.

ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் கிடந்த காலித் தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். அடிவிளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு.

"மச்சான், துப்பாக்கியில ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"போல்ட் முனை துருப்பிடிச்சுப் போச்சு மாப்ளே. கூட்டாளிகிட்ட ஒண்ணு சும்மா கிடந்துச்சு, திருகிப் போட்டேன். வழுவழுன்னு மூடுது."

எனக்கு அந்த வழுவழுதான் பயம்.

வேளாண் கல்லூரியில் என்.சி.சி.யில் .303 பழகியவன் நான். துடைத்து மாட்டும்போது போல்ட்டில் பொறித்த எண்ணும் துப்பாக்கி எண்ணும் ஒன்றுதானா என்று ஹவில்தார் பார்க்கச் சொல்வார். மாறியிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்தான். காரணம் பிறகுதான் புரிந்தது.

தோட்டாவின் விளிம்பு பேரல் வாயில் போய் உட்காருகிறது. அந்த இடத்துக்கும் மூடிய போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளிக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். டிராக்டரில் டேப்பெட் இடைவெளி வைக்கிறோமே, அதுபோல. குறைந்தால் போல்ட் மூடாது, உடனே தெரிந்துவிடும். கூடினால் மூடும், வெடிக்கும், பன்றியும் விழும். ஆனால் வெடிக்கிறபோது பித்தளைக் கூடு பின்பக்கம் இழுபட்டு, அடியில் மெலியும். நான் பார்த்த கோடு அதுதான். அது அறுந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்துக்கே வரும். .303-க்குச் சரியான அளவு 0.064 அங்குலம், 0.074-ஐத் தாண்டினால் சுடக்கூடாது. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். கண்ணுக்கு எங்கே தெரியும்?

அன்று ராத்திரி காவலுக்குப் போகவிருந்தவரை மல்லுக்கட்டித் தடுத்தேன். 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வேண்டும்; துப்பாக்கிப் பாகமும் ஆயுதக் கணக்குத்தான், கூட்டாளியிடம் கைமாற்றாக வாங்குகிற சாமானில்லை என்பதையும் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது.

லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரர் போல்ட்டில் இருந்த எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட்டு, .315-க்கு உரிய கேஜ்களைப் போட்டு, இரண்டு விரலால் மட்டும் மெல்ல மூடினார். 'கோ' கேஜுக்கு மூட வேண்டும், 'நோ-கோ'வுக்கு மூடக்கூடாது. மச்சானின் துப்பாக்கி இரண்டுக்கும் மூடியது. நாலைந்து போல்ட் முனைகளை மாற்றி மாற்றிப் போட்டதில், சற்றே நீளமான ஒன்றுக்குத்தான் 'நோ-கோ'வில் நின்றது.

துப்பாக்கி திரும்பி வரப் பத்து நாளானது. அதற்குள் பன்றி அரை ஏக்கர் மரவள்ளியைக் கிளறித் தின்றுவிட்டது. அந்தக் கிழங்குக் கணக்கை மச்சான் இன்னமும் என் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்.