ஷாம்பெரிச் சரிவு

மலையேறினாரைப் புகழும் நூல்கள் பல. மலையினின்று மிதிவண்டியில் இழிந்தாரைப் பற்றி யாம் பயின்ற நூல்களில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு ஷாம்பெரி என்னும் மலையூரில் நிகழ்ந்த உலகப் போட்டியின் படத்தை விடுதியில் கண்ட நாள்தொட்டு, அச்சரிவு எம் நெஞ்சைவிட்டு அகன்றிலது.

டானி ஹார்ட் இங்கிலாந்து தேயத்தவர். அன்று அவர்க்கு அகவை 19. எமக்கும் அஃதே. இப்போட்டியில் வீரர் ஒருவர்பின் ஒருவராய்த் தனித்தே இழிவர். பகையாவது கடிகாரம் ஒன்றே. அன்றோ மழை. செங்குத்தான காட்டுவழியில் வேரும் கல்லும் சேறாகி, வல்லுநர் பலரும் வழுக்கி வீழ்ந்தனர். பிரேக்கை இறுகப் பற்றத் தோன்றும் இடங்களில் ஹார்ட் அதனை விட்டோடினார். சுழலாது நின்ற சக்கரம் ஈரவேரில் சறுக்கும். உருளும் சக்கரமே நிலத்தைப் பற்றும். இரண்டாமவரினும் 11 விநாடிக்கு மேல் முந்தினார். விநாடியின் சிறு கூறுகளால் வெற்றி தோல்வி அறுதியாகும் ஆட்டத்தில் இஃது எத்துணைப் பெரிது!

'மதியற்ற துணிவு' என்றார் நண்பர் ஒருவர். யாம் உடன்பட்டிலம், எங்கே விடுவது, எங்கே பற்றுவது என்றறிந்தே அவர் ஓட்டினார். ஆனால் முடிவெல்லையை அணுகிய தாவலில் வண்டியை வானிடை ஒருபுறம் திருப்பினாரே, அஃது எதற்கு? அதனால் ஊதியம் ஒன்றுமில்லை. வீழ்ந்திருப்பின் யாவும் போம். நண்பர் நகைத்தார். எமக்கோ அதுவே மிக உவப்பாயிற்று.

விடுமுறையில் அன்னையார்க்கும் அப்படத்தைக் காட்டினோம். முழுதும் நோக்கியபின், 'இந்தப் பிள்ளையைப் பெற்றவள் இதைப் பார்த்தாளா?' என்று மட்டும் வினவினார். மறுநாள் எம் மிதிவண்டியின் பிரேக்கைச் செப்பனிடப் பணம் தந்தார்.