யாரிடம் சொல்கிறாய்?

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கதை நின்றுவிடுகிறது, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கப் பாடம் எடுக்கிறார். சாத்தனாருக்கு என்ன வந்தது என்று தோன்றும். எனக்கு அந்தக் காவியத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

அடிகள் சொல்லும் பிழைகள் கிட்டத்தட்ட சங்கரசுவாமியின் 'நியாயப்பிரவேசம்' தரும் அதே பட்டியல்: பட்சத்தில் 9, ஏதுவில் 14, திருட்டாந்தத்தில் 10. பெற்ற தாயையே மலடி என்பது மாதிரி சிரிப்பு வரும் உதாரணங்களும் உண்டு. ஆனால் இரண்டு பிழைகள் வேறு ரகம். ஒலி அழியும் என்று சாங்கியனிடம் சொன்னால் பிழை. எதுவும் அழியாது என்பது அவன் கட்சி. 'அழிவு' என்ற சொல்லே அவனிடம் செல்லாது. ஒலி நிலையற்றது என்று பௌத்தனிடம் சொன்னாலும் பிழை. அவன் ஏற்கெனவே அதைத்தானே சொல்கிறான்! கூற்று கிட்டத்தட்ட ஒன்றுதான், கேட்கிற ஆள் மாறியதும் பிழையின் பெயர் மாறிவிடுகிறது. கம்பைலருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது, யார் எழுதினாலும் ஒரே எரர்.

சேலையூர் வீட்டில் அக்கா அப்பாவிடம், "சுகர் 300 தாண்டிடுச்சு, உடம்பு என்னத்துக்குப்பா ஆகும்?" என்பாள். "என்னைக்கும் இருக்கப்போற உடம்பாம்மா இது" என்று ஜாங்கிரியை எடுப்பார். அந்த விஷயத்தில் அப்பா சுத்த பௌத்தர். போன ஞாயிறு அவள் வேறு இடத்தில் பிடித்தாள்: "கண்ணு போச்சுன்னா உங்களுக்கு பேப்பர் யாருப்பா படிச்சுக் காட்டுவா?"

ஜாங்கிரிக்குப் போன கை நின்றது. கொஞ்ச நேரம்தான்.