பொம்மை இரயிலின் விளக்குகள்

குமரி மாவட்டத்தார்க்கு இரயில் என்பது நெடுங்காலம் கேள்விப்பொருளாகவே இருந்தது. 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் இங்கே தண்டவாளம் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இரயில் வந்தது 1979இல். நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு இணைக்கும் பாதை திறக்கப்பட்டது 1981இல். ஆயினும், அதற்கு முன்னரே குளச்சலில் எமது இல்லத்தில் ஓர் இரயில் ஓடிற்று. கொழும்பில் வாணிபம் செய்த மாமா கொணர்ந்த பொம்மை இரயில் அது. மின்சாரத்தால் ஓடும், மூன்று பெட்டிகளிலும் விளக்கெரியும். எமது மூத்த ராத்தா முதன்முதலாகக் கண்ட இரயில் அதுவே.

அண்மையில் வீடு பாகப்பிரிவினைக்கு வந்தபோது அதுவும் பரணிலிருந்து இறங்கிற்று. பழைய இரும்போடு ஆக்கர் கடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் இளையோர். விளக்குகள் எரியுமானால் தம் பங்கில் அதையும் சேர்க்கும்படி கேட்டார் ராத்தா. அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்தது.

பிள்ளைகள் பழைய மின்மாற்றியைச் சுவரில் செருக முனைந்ததைத் தடுத்ததே நமது முதல் வேலை. அதன் வடத்திலிருந்த ரப்பர் பொடியாக உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. பெட்டிக்குச் செல்வது பதினாறு வோல்ட்டே ஆயினும் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் அன்றோ? அமெரிக்காவிலிருந்து வந்த மின்மாற்றியாயின் அது 120 வோல்ட்டுக்கே உரியது. நம் நாட்டு மின்சாரத்தில் கருகிவிடும். ஆகவே அதை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்று வாங்கினோம்.

மெய்யான இரயில்பெட்டியின் அடியில், அச்சோடு சுழலும் டைனமோவும் பாட்டரிகளும் நெடுங்காலம் விளக்குகளுக்கு மின்சாரம் தந்தன. வண்டி நின்றாலும் விளக்கு எரியும். பொம்மைப் பெட்டியில் அவை இல்லை. மார்க்லின், லயனல் போன்ற நிறுவனங்கள் செய்த மூன்று தண்டவாள வண்டிகளில், பெட்டியின் அடியிலுள்ள தொடுமுனை நடுத் தண்டவாளத்தை உரசி மின்சாரத்தை எடுக்கும். அது கம்பி வழியே பல்புக்கு ஏறி, உலோகக் கூடு, அச்சு, சக்கரம் வழியாக ஓரத் தண்டவாளங்களுக்குத் திரும்பும். இவ்வட்டம் எங்கே மயிரிழை பிரிந்தாலும் விளக்கு அணைந்துவிடும். எமது பெட்டிகளும் இவ்வகையினவே.

சோதனைக்கு வேண்டியவை சிலவே: டார்ச் பல்பு ஒன்று, பாட்டரி இரண்டு, கம்பித்துண்டுகள். வட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தோம்.

முதற் பெட்டியின் பல்பு நன்றாகவே இருந்தது. தொடுமுனைக்கும் பல்பின் தாங்கிக்கும் இடையேதான் ஓட்டம் இல்லை. சக்கரச் சட்டம் திரும்புமிடத்தில், மேலுறை சிதையாமல் உள்ளே செம்பு முறிந்திருந்தது. அவ்விடத்தில் மட்டும் மெல்லிய இழைக்கம்பியைச் சற்றே தளர்வாக விட்டுப் பற்றாசு வைத்தோம்.

இரண்டாவது மினுக்கிற்று. கடற்காற்றில் சக்கரங்கள் கறுத்திருந்தன. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் கீறல் விழும். கீறலில் மீண்டும் அழுக்கு அடையும். ஸ்பிரிட் நனைத்த துணியே போதுமாயிற்று.

மூன்றாவதைத் தண்டவாளத்தில் வைத்ததுமே வண்டி முழுவதும் நின்றது. அதன் பல்பைக் கழற்றியபின் தொடுமுனைக்கும் சக்கரத்துக்கும் இடையே ஓட்டம் இருத்தலாகாது, இருந்தது. தொடுமுனையை உலோகக் கூட்டிலிருந்து பிரித்துவைக்கும் ஃபைபர் வளையம் நொறுங்கி, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. புதிய வளையம் வெட்டிப் பொருத்தினோம்.

கம்பிகள் அனைத்தையும் பிய்த்தெறிந்து புதிதாக இழுக்கலாம் என்று சொன்னோரும் உண்டு. மின்மாற்றி நீங்கலாக, நாம் மாற்றியவை ஒரு சாண் கம்பியும் ஒரு வளையமுமே. அதே பழைய பல்புகள் அதே மஞ்சள் ஒளியைத் தந்தன. ராத்தா மூன்று பெட்டிகளையும் தம் கையாலேயே துணியில் சுற்றி எடுத்துச் சென்றார்.

கடல் கடந்து சென்றோர் கொணர்ந்த இத்தகைய பொருள்கள் உங்கள் வீட்டுப் பரண்களிலும் இருக்கக்கூடும். முதலில் மின்மாற்றியை ஒதுக்குங்கள். பிறகு பல்பு, கம்பி, சக்கரம், வளையம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆக்கர் கடையை அதற்குப் பின்னர் நினைத்துக்கொள்ளலாம்.