பூங்காவைத் திருத்துமுன் பாட்டியைக் கேளுங்கள்

சிங்கப்பூருக்கு வரும் நம்மவர்கள் பார்க்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேக்காச் சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை. நேரம் மிஞ்சினால் கடற்கரை. அப்புறம் சாமான் மூட்டைகளோடு ஜொகூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். வாசகர்களே, இன்று உங்களை நான் அங்கெல்லாம் அழைத்துப் போகப் போவதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகிறேன். நான்கு பெஞ்சு, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நிழலுக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மனிதருக்கு வயதாவதுபோல் பூங்காவுக்கும் வயதாகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் தொடங்கப்பட்டது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் வீடுகளோடு சேர்த்துப் பூங்காக்களையும் விளையாட்டு இடங்களையும் கட்டினார்கள். அன்று அங்கே ஊஞ்சல் ஆடிய பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஊஞ்சல் துருப்பிடித்தால் மாற்றிவிடலாம். ஆனால் வருகிறவர்களே மாறிவிட்டால்? ஓடி விளையாட இடம் கேட்டவர், இன்று உட்கார இடம் கேட்கிறார். ஆகவே பழைய பூங்காவைப் புதுப்பிப்பது சிமெண்டும் சாயமும் மட்டும் சம்பந்தப்பட்ட வேலையன்று. யாருக்காகப் புதுப்பிக்கிறோம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

இதற்காகச் சிங்கப்பூரில் 2007-ல் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் என்று பெயர். செலவு அரசாங்கத்துடையது, வேலையை நடத்துவது நகர மன்றம். விளையாட்டு இடம், உடற்பயிற்சி மூலை, நிழற்கூரை போட்ட நடைபாதை என்று எது வேண்டுமென்று குடியிருப்பவர்களைக் கேட்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், வரைபடங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், படிவம் கொடுத்துக் கருத்தெடுக்கிறார்கள். கடைசியில், வாக்களிக்கத் தகுதியுள்ள வீட்டுச் சொந்தக்காரர்களில் 75 விழுக்காட்டினர் சரி என்றால்தான் வேலை தொடங்கும். நூற்றுக்கு எழுபத்தைந்து பேரைச் சம்மதிக்க வைப்பது இலேசான காரியமா? அதனால்தான் அதிகாரிகள் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள்.

எங்கள் புளோக்குக்கும் அந்த முறை வந்தது. அதில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தாயார் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, மண்டோர் காட்டிய நிரையில் வேலை செய்து, கிராணி சொன்ன கணக்கை வாங்கிக்கொண்டு வந்தவர். குடியிருக்கும் லயத்தை எங்கே கட்டுவது, தண்ணீர்க் குழாயை எங்கே வைப்பது என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அவரும் எதிர்பார்த்ததில்லை. வயதான காலத்தில் என்னோடு வந்து இருந்தார். சிங்கப்பூரில் அவருக்கு வீடும் இல்லை, வாக்கும் இல்லை.

ஒரு மாலை, புளோக்கின் கீழ்த்தளத்தில் வரைபடங்களை மாட்டியிருந்தார்கள். கையில் படிவத்தோடு நின்ற பெண், என் தாயாரிடம் வந்து, "பாட்டி, உங்களுக்கு இந்தப் பூங்காவில் என்ன வேண்டும்?" என்று தமிழிலேயே கேட்டாள். தாயார் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "பெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் கை வச்சுக் குடும்மா. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல. அந்த மரத்த மட்டும் வெட்டிடாதீங்க."

அவ்வளவுதான். வண்ண வண்ணமாக வரைந்திருந்த அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது. பெஞ்சுக்குக் கை மட்டும் இல்லை. முழங்கால் வலி தெரிந்தவரைக் கேட்டால்தானே அது தெரியும்! வேலை முடிந்தபோது மரம் நின்றது. பெஞ்சுகளுக்குக் கை வந்திருந்தது. இன்னும் பலரும் அதையே கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம், "இது நான் சொன்ன பெஞ்சு" என்று தட்டிக் காட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாது; இவருக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்த சந்தை மலாயில் பேச்சு நடக்கும்.

கேட்டுச் செய்வதென்றால் எல்லார் ஆசையையும் நிறைவேற்றுவது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பந்தாட இடம் வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு அமைதி வேண்டும். இருவரும் நியாயம்தான் பேசுகிறார்கள். சிலருடைய ஆசை நிறைவேறும்; சிலருடைய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிஷான் - அங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். 1988-ல் அமைத்தது, 62 ஹெக்டர், அதாவது 150 ஏக்கருக்கு மேல். அதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பழைய பூங்காவைப் புதுப்பித்தபோது அந்தக் கான்கிரீட்டை உடைத்து, ஆற்றை வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டருக்கு ஓடவிட்டார்கள். 2012 மார்ச்சில் திறந்தார்கள். வேலி இல்லாத ஆற்றங்கரை என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும் அல்லவா? அதற்காக, மழை பெய்து நீர் ஏறினால் சங்கு ஊதி, விளக்கு எரிந்து எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உடைத்த கான்கிரீட் பலகைகளையும் வீசிவிடவில்லை. அவற்றை அடுக்கி ஒரு மேடாக்கினார்கள். இப்போது நீர்நாய்கள்கூடக் குடும்பத்தோடு அங்கே வந்து போகின்றன.

சில வேளைகளில் கேட்குமுன்பே மக்கள் பேசிவிடுகிறார்கள். நம்மவர்கள் பலர் ஏறிவந்த மலாயா ரயில் உங்களுக்கு நினைவிருக்கும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய அந்தப் பாதை 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நிலம்! விட்டால் கட்டடம் எழும்பியிருக்கும். அதற்கு முந்திய ஆண்டிலேயே, "இதைப் பசுமைப் பாதையாக விட்டுவிடுங்கள்" என்று இயற்கைச் சங்கத்தார் யோசனை சொல்ல, பொதுமக்கள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். இன்று ரயில் ஓடிய இடத்தில் மக்கள் நடக்கிறார்கள். புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. தோ பாயோவில் 1979-ல் கட்டிய டிராகன் விளையாட்டு இடமும் அப்படித்தான். எத்தனையோ பழைய விளையாட்டு இடங்கள் போய்விட்டன. இந்த டிராகனைக் காலடி மணலோடு விட்டுவைத்திருக்கிறார்கள்.

தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபேரர் பார்க் திடலைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதனால் வந்தது. 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, சரணடைந்த இந்தியப் படையினர் பல்லாயிரம் பேரை அங்கேதான் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அந்தப் புல்வெளியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு நேதாஜி அழைத்தபோது, நம் தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் புறப்பட்டுப் போனார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் போயிருக்கலாம். பின்னாளில் அந்தத் திடலில் வீடு கட்டும் திட்டம் வந்தபோது பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். பழைய குத்துச்சண்டைக் கூடத்தை இடிக்காமல் வைப்பதும், நடுவே விளையாட்டுத் திடல் விடுவதும் திட்டத்தில் இடம்பெற்றன. ஒரு மண்ணின் நினைவு வரைபடத்தில் இராது. அங்கே நடந்தவர்களின் வாயில்தான் இருக்கும்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காப் பக்கம் வந்தால், கிடைத்த புல்வெளியில் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். வாரம் முழுவதும் அடுத்தவருக்கு வீடு கட்டியவர்களுக்குக் கிடைக்கும் ஒரே முற்றம் அது. வீட்டுச் சொந்தக்காரருக்கு வாக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. சொந்தமில்லாத லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நமக்கு இது புரியாமல் போகுமா? பூங்காவுக்கு உரியவர் யாரென்று பத்திரத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. அங்கே யார் உட்காருகிறார் என்றும் பார்க்க வேண்டும். என் தாயாரிடம் பத்திரம் கேட்டிருந்தால் பெஞ்சுக்குக் கை வந்திருக்குமோ, என்னவோ!

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்திருக்கும் வாசகர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். உங்கள் ஊர் நகராண்மைக் கழகம் அப்படி அறிவிப்புக் கொடுத்தால், "நமக்கென்ன தெரியும்" என்று இருந்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். போகுமுன் ஒருநாள் உங்கள் தாமான் பூங்காவில் காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் நின்று கவனியுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது? மழைநீர் எங்கே தேங்குகிறது? விளக்கு எங்கே எரியவில்லை? யார் வருகிறார்கள், யார் வரப் பயப்படுகிறார்கள்? அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.