எதை முதலில் நகலெடுப்பது?

டெல்லியில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் தமிழ் மாணவி ஒருவரின் மடிக்கணினி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு மாதங்களே இருந்த நிலையில் தயங்கத் தொடங்கியது. கோப்பைச் சேமிக்கும்போது அரை நிமிடம் உறைந்து நின்றது. ஒருநாள் தானாகவே அணைந்தது. மீண்டும் இயக்கியபோது சேமிப்பகமே இல்லை என்றது. இன்னொரு முறை இயக்கியபோது ஒன்றும் நடவாததுபோல் திறந்துகொண்டது. ஜனவரிக் குளிரின் மேல் பழியைப் போட்டு அவர் ஒரு வாரத்தைக் கடத்தினார்.

விடுதியில் அடுத்த அறையிலிருந்த இயற்பியல் துறை இளையவள்தான் எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து பார்த்தாள். பழுதாகும் இடங்களுக்கு மாற்றாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் உதிரி இடம் எச்சரிக்கை எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. தரவுப் பிழைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தது. சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க் பழுதாகுமுன் பல வேளைகளில் சத்தமிட்டாவது எச்சரிக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவுமில்லை. அது ஓசையின்றிப் போய்விடும்.

“அக்கா, இனிமே இதுல எதையும் எழுதாதீங்க. முதல்ல அணைச்சிடுங்க. எது போனா திரும்பக் கிடைக்காதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க” என்றாள்.

அவர் முதலில் எழுதியது ஆய்வேடு. எழுதிய பிறகு யோசித்தார். மூன்று இயல்களின் முந்தைய வடிவங்கள் நெறியாளரின் மின்னஞ்சலில் இருந்தன. போனது போக மீதியைத் திரும்ப எழுதிவிடலாம். கட்டுரைகளையும் நூல்களையும் மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். ஈலான் மென்பொருளில் செய்த எழுத்துப்பெயர்ப்பு ஆறு மாத உழைப்பு. ஒலிப்பதிவு இருந்தால் அதையும் திரும்பச் செய்யலாம். ஒலிப்பதிவு இல்லையென்றால்?

அவருடைய ஆய்வு மால்டோ மொழி பற்றியது. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் பஹாரியா மக்கள் பேசும் மொழி அது. குடுக், பிராகுயி ஆகியவற்றோடு வட திராவிடக் கிளையில் வைக்கப்படுவது. மூன்று களப்பயணங்களில் முதல் இரண்டின் பதிவுகள் வெளி ஹார்டு டிஸ்கில் இருந்தன. மூன்றாவது பயணத்தின் பன்னிரண்டு மணி நேரப் பதிவு அந்த எஸ்எஸ்டியில் மட்டுமே இருந்தது. களத்தில் இடம் போதாமல், ஒவ்வோர் இரவும் கோப்புகளைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அதே நினைவக அட்டையை அழித்து மறுநாளும் பயன்படுத்தியிருந்தார். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ஒரே பாட்டியின் குரல். அந்தப் பாட்டி சென்ற மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடங்கள் என்ற தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும். ஆக மொத்தம் பதின்மூன்று ஜிகாபைட்டுக்கும் குறைவு. ஒரு மாலைப் பொழுதில் நகலெடுத்திருக்கக் கூடிய அளவு. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று ஒன்பது மாதங்கள் தள்ளிப்போடப்பட்ட அளவும் அதுவே.

தாளில் ஆய்வேட்டுக்கு மேலே அந்தக் கோப்புறையின் பெயர் ஏறியது.

பழுதான எஸ்எஸ்டியை முழுவதுமாகப் புதியதற்குப் படியெடுப்பதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இளையவள் அதைத் தடுத்தாள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரியாத ஒன்றிடம், முதலில் விண்டோஸின் கோப்புகளையெல்லாம் படித்துக் காட்டச் சொல்வது பேதைமை. யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை இயக்கி, பழைய எஸ்எஸ்டியைப் படிக்க மட்டும் திறந்து, தாளின் வரிசைப்படி வெளி ஹார்டு டிஸ்குக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. அப்போதுதான் இன்னொரு தடை: உள்ளடக்கம் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தது. தாம் பூட்டியதாக அவருக்கு நினைவே இல்லை. பல கணினிகளில் முதல் அமைப்பின்போதே அது தானாக நடந்துவிடுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைத்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிலிருந்தது அவருடைய நல்லூழ்.

இருபத்திரண்டு கோப்புகளில் இருபத்தொன்று வந்தன. ஒன்று பாதியில் நின்றது. அதை ஒதுக்கிவிட்டு எழுத்துப்பெயர்ப்பையும் ஆய்வேட்டையும் எடுத்த பின், கடைசியாக அந்த ஒன்றை டிடிரெஸ்க்யூ என்ற கருவியிடம் ஒப்படைத்தார்கள். படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, வராதவற்றைக் குறித்துவைத்து, பிறகு அவற்றிடம் மட்டும் திரும்பத் திரும்ப முயலும் கருவி அது. விடியும்வரை அது ஓடியது.

மறுநாள் நேரு பிளேஸ். அதற்குமுன் மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, பழைய எஸ்எஸ்டியின் முகப்புச் சீட்டையும் பொருத்துமிடத்தையும் கைப்பேசியில் படமெடுத்திருந்தார்கள். எம்.2 வகை, 2280 அளவு. அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். என்விஎம்இ முறை, மூன்றாம் தலைமுறை பிசிஐஇ.

முதல் கடைக்காரர் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை எடுத்துவைத்து, விநாடிக்கு 7,000 மெகாபைட் என்றார். அது பொருந்தும், இயங்கும். ஆனால் மூன்றாம் தலைமுறைக் கணினியில் ஏறத்தாழ 3,500-க்கு மேல் போகாது. மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் வாழ்பவருக்குப் பயன்படாத வேகம் வீண்செலவு. விலை அதிகம் என்றதும் அவர் மலிவான ஒன்றை நீட்டினார். “இதுவும் அதேதான் மேடம், அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்” என்றார் இந்தியில். உட்கார்ந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதன் முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தன. கைப்பேசிப் படத்திலிருந்த பழையதில் ஒன்றுதான். உறையைத் திருப்பிப் பார்த்தபோது சாட்டா என்றிருந்தது. அளவு, உருவம், திருகு எல்லாம் ஒன்றாயினும் பேசும் முறை வேறு. என்விஎம்இ மட்டுமே அறிந்த கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஓரொலி மாறப் பொருள் மாறும் சொல்லிணைகளைப் பற்றி முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவர் அந்த வெட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறுதியில் வாங்கியது, ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை, 1 டெராபைட், ஐந்தாண்டு உத்தரவாதம். நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி மலிவு. ஆனால் பொதுவாக அது எழுதித் தேயும் காலமும் குறைவு, பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகமும் சரியும்.

பொருத்துவதற்கு இருபது நிமிடங்கள் ஆயின. முழுவதுமாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை விலக்கினார்கள். கையிலுள்ள நிலைமின்னேற்றம் நீங்க உலோகத்தைத் தொட்டுக்கொண்டார்கள். ஒற்றைத் திருகைக் கழற்றியதும் பழையது தானாகவே சாய்வாக எழும்பியது. புதியதை அதே சாய்வில் செருகி, மெல்ல அழுத்தித் திருகை முடுக்கினார்கள். பயாஸில் புதிய எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தது. விண்டோஸைப் புதிதாக நிறுவினார்கள். 1 டெராபைட் வாங்கியதற்கு 931 என்று காட்டுகிறதே என்று அவர் பதறினார். உற்பத்தியாளர் பத்தின் அடுக்கிலும் விண்டோஸ் இரண்டின் அடுக்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது; எதுவும் குறையவில்லை.

குறைந்தது வேறோர் இடத்தில். டிடிரெஸ்க்யூ மீட்ட கோப்பைத் திறந்து கேட்டபோது, 37-ஆம் நிமிடத்தில் பாட்டியின் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. நான்கு விநாடி மௌனம். பிறகு சிரிப்பொலி, சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஏறத்தாழ 1.2 மெகாபைட் தரவு வரவே இல்லை. எழுத்துப்பெயர்ப்பு அந்தக் கோப்பை இன்னும் எட்டியிருக்கவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்பது பதிவிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை. பாட்டியிடம் போய்க் கேட்கவும் வழியில்லை.

அந்தக் குரல் அவருடைய சொத்து அன்று. ‘பத்திரமாக வைத்திருப்பேன், ஊருக்கும் ஒரு படி தருவேன்’ என்று சொல்லி வாங்கிவந்தது. களப்பணிக்கு முன் ஒப்புதல் படிவத்தைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசப்படுகிறது. திரும்பி வந்த அன்றிரவே இரண்டாம் படி எடுப்பதும் அந்த ஒப்புதலின் பகுதியே என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது அவரிடம் மூன்று படிகள் உள்ளன: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வளாகத்துக்கு வெளியே ஒன்று. பழைய எஸ்எஸ்டியை இன்னொரு படியாக அலமாரியில் வைக்கலாமே என்று தோழியர் சிலர் கேட்டனர். எஸ்எஸ்டி மின்னூட்டத்தில் நினைவை வைத்திருப்பது. எழுதித் தேய்ந்து ஆயுள்முடிவை எட்டிய சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் தரநிலை கேட்பது. அதை ஆவணக்காப்பகமாக நம்பக் கூடாது.

நான்காவது படி கோடையில் ராஜ்மகாலுக்குப் போகிறது, பாட்டியின் பேத்தியிடம் கொடுக்க. அந்தக் கோப்பின் விவரக்குறிப்பில் அவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘37-ஆம் நிமிடத்தில் நான்கு விநாடிகள் இல்லை. பேசியவர் நிறுத்தவில்லை, பதிவைக் காக்கத் தவறியது ஆய்வாளர்.’