விறகுக்குத் தப்பிய காளான்

மண்டைதீவில் பட்ட கொப்பு ஒன்று இரண்டு மாரிக்கு மரத்தில் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை. காற்றுக்கு விழுந்தால் விடியமுன் யாராவது இழுத்துப் போயிருப்பார்கள். விழாவிட்டால் கொக்கத்தடி போட்டு முறிப்பார்கள். கங்குமட்டை, பன்னாடை, ஊமல் எல்லாம் அடுப்புக்குத்தான். காடு என்று சொல்ல ஒன்றுமில்லாத, உவர்த்தரையும் கண்டலும் பனையுமான சின்னத் தீவில் விறகு அவ்வளவு அருமை. மரத்தில் தட்டுத் தட்டாகக் கிளம்பும் காளான்கள் அதனால் அங்கே பிழைக்கத் தெரியாதவை. அவற்றுக்குப் பட்ட மரம் வேண்டும், அதை உக்கும்வரை விட்டுவைக்கும் சோம்பேறி வீட்டுக்காரனும் வேண்டும்.

எங்கள் வளவில் தப்பியது துலாக்கால் ஒன்று. தண்ணீர் இறைக்கும் மெசின் வந்தபிறகு துலா இறங்கிவிட்டது. பூவரசங்கால் மட்டும் கிணற்றடியில் நின்றது. ஐப்பசி மழை விட்டதும் அதன் வெயில் பக்கத்தில் காவியும் சிவப்புமாகச் சின்னச் சின்ன விசிறிகள் விரியும். கீழ்ப்பக்கம் இன்னும் கடும் நிறம். ஊசி முனை அளவான துளைகள். பிறகு கோடையில் வெளிறிப்போகும். நிழலைத் தேடும் காளான்கள்தான் அதிகம். இதுவோ வெயிலில் காயும் மரத்தில் குந்தியிருக்கும். பிக்னோபோரஸ் என்ற பெயரைப் பல காலம் கழித்துத்தான் அறிந்தேன்.

வேலிக் கதியால்களில் இன்னொன்று இருந்தது: நகத்தளவு, மேலே சாம்பல் மயிர், கீழே மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்கில் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டு செத்தது போலக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி விரியும். மலாயா றெயில்வேயில் இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். "அங்கை உதைச் சமைச்சுத் தின்னுவாங்கள் பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார். அம்மம்மா காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க அவருக்கும் மலாயாவுக்கும் ஏச்சு. பெரியவர் சொன்னது உண்மை; ஸ்கிசோபில்லம் என்ற இந்தக் காளான் மலேசியாவில் இன்றும் சந்தைக்கு வருகிறது.

ஆனால் அப்பு கவனித்தது மூன்றாவதை. படலையடி வேம்பின் தூரில், மண்ணோடு ஒட்டி, அரக்குப் பூசியதுபோன்ற ஒரு தட்டு. வளரும் விளிம்பு மட்டும் வெள்ளை. அதற்குக் கீழே கிடந்த சருகுகளிலும் அதன் முதுகிலேயும் மண்ணிறத் தூள் படிந்திருக்கும். அது கானோடெர்மா என்ற அந்தக் காளானின் வித்துத்தூள் என்று அப்புவுக்குத் தெரியாது; மரத்தின் கதை முடிந்தது என்று தெரியும். "மேலை பச்சையா நிக்குது எண்டு பாக்காதை, உள்ளுக்குக் கோறை" என்பார். அதே இனக் காளான்தான் தஞ்சாவூரில் 1952இல் தென்னைகளில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் வாங்கிய நோய்க்குக் காரணம். அங்கும் தட்டு தூரில் தெரிவது கடைசியில்தான். அதற்கு முன்பே வேர் போய்விடும், தண்டிலிருந்து செம்மண்ணிறச் சாறு வடியும்.

வேம்பை அடுத்த மாரிக்கு முதல் தறிக்கவேண்டும் என்று அப்பு சொல்லிக்கொண்டே இருந்தார். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுக்குள் வந்தது. ஊர் கலைந்தது. காணாமற்போனவர்களின் கதை வேறு; அதை இந்தக் காளான்களோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தக் காளான்களின் பெயர்களை நான் கற்றது புலம்பெயர்ந்து வந்த கனடாவில், ஸ்காபரோவில். ரூஜ் பள்ளத்தாக்கில் விழுந்த மரத்தை யாரும் தூக்குவதில்லை, ஆகவே காளானுக்குக் குறைவில்லை. முதலில் அடியைப் பார், மேலே தெரியும் நிறம் ஏமாற்றும் என்று அங்கே ஒரு கிழவர் சொல்லித் தந்தார். துளையா, மடிப்பா, தேன்கூட்டுக் கண்ணா? வெள்ளைத் தாளில் ஓரிரவு வைத்தால் என்ன நிறத் தூள் விழுகிறது? எந்த மரம், உயிரோடு நிற்கிறதா, பட்டதா? பிறகு தேடிப்போனால் எங்கள் நாட்டிலேயே எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பேராதனையில் 1905 முதல் வேலைசெய்த பெட்ச், பிஸ்பியுடன் தொகுத்த இலங்கைக் காளான்களின் பட்டியல் 1950இல் வந்திருக்கிறது. அப்புவுக்கு அதை யார் காட்டியிருப்பார்கள்!

சண்டை முடிந்து ஊருக்குப் போனபோது வளவு முழுக்கக் காளான். கூரை போன வீட்டு வளையில், பட்ட முருங்கையில், வேலி இருந்த இடத்தில் மிஞ்சிய கதியாலில். இருபது வருடமாக விறகு பொறுக்க ஒருவரும் இல்லாத வளவு. படலையடி வேம்பு விழுந்து கிடந்தது. ஷெல் விழுத்தியது என்றான் மச்சான். நான் தூரில் குந்தியிருந்து பார்த்தேன். இந்தத் தட்டுகளின் துளைப்பக்கம் எப்போதும் நிலத்தைப் பார்க்கும். தூள் நேரே கீழே விழவேண்டுமே. மரம் சாய்ந்தால் பழைய தட்டு சரிந்துபோகும், அதன் விளிம்பிலிருந்து புதிய தட்டு திரும்பவும் கிடையாக வளரும். இந்த மரத்தில் சரிந்த தட்டு தடிப்பாக, பல அடுக்காக இருந்தது. அதிலிருந்து திரும்பி வளர்ந்தது மெல்லியது. வேம்பு நெடுங்காலம் நின்றபடியே உக்கி, அண்மையில்தான் விழுந்திருக்கிறது. ஷெல்லுக்கு இதில் பங்கில்லை. மச்சான் நம்பவில்லை.

ஊர் திரும்பியவர்கள் காஸ் அடுப்போடு திரும்பினார்கள். வேம்பு கிடந்தபடியே கிடந்தது. 2022இல் நாடு முழுக்க காஸ் தட்டுப்பாடு. மச்சாள் போனில் என்னைத்தான் ஏசினாள்: "உங்கடை வேம்பைக் கொத்தி அடுப்பிலை வைச்சன். பஞ்சு மாதிரி வருது, எரியுதே இல்லை, ஒரே புகை. அப்பவே தறிச்சிருந்தா உதவியிருக்கும்."